காதுல வச்ச பஞ்சு

போறா. எம் மக போறா. நகர்றாளா நிக்கிறாளான்னு மொதல்ல எனக்குப் பிடிபடவே இல்ல. பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி கை ரெண்டையும் தொங்கப் போட்டுக்கிட்டு விறைப்பாத்தான் நிக்கிறா, நின்ன வாக்குலயே சின்னதாகிக்கிட்டுப் போறா. கைக்கெட்டுற தூரத்துல இருந்தவ. மூக்கு ஒழுகுதே, தொடைப்போம்னு பையில கைக்குட்டையத் தேடித் திரும்புறேன், அதுக்குள்ள பக்கத்துல ஆளக் காணோம், மஞ்சள் ஜெர்க்கின் கீழ போய்க்கிட்டு இருக்கு. என் வாய் தானாத் திறந்துருச்சு. என்னமோ கத்துறேன், என்ன கத்துறேன்னு எனக்கே விளங்கல, தொண்டை மட்டும் எரியுது. நேகி சாரும் கத்துறாரு. எங்களுக்குப் பனியில சறுக்கக் கத்துக் குடுக்குற மாஸ்டரு அவரு, மூணு நாளா எங்க மூணு பேரையும் மேய்க்கிறாரு. எங்க வீட்டுக்காரரோட பூட்ஸப் பலகையில மாட்டி விடக் குனிஞ்ச மனுசன் அப்படியே நிமிந்து, பைட் ஜா, பைட் ஜா பேட்டான்னு கத்துறாரு. உக்காருன்னு அர்த்தம். மூணு நாள்ல எங்களுக்கு வந்த இந்தி அது ஒண்ணுதான். சஷ்டிகா உக்காரல. தலையக்கூடத் திருப்பல. ஏன் திருப்பல. ரெண்டு பேரு தொண்டை கிழியக் கத்துறோம், ஏன் இவ திரும்பவே மாட்டேங்குறா. அப்பத்தான் எனக்குத் தலையில இடி இறங்குச்சு. பஞ்சு. காலையில நான்தான் அவ ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சு அடைச்சேன்.

பஞ்சு, அதுக்கு மேல குரங்குக் குல்லா, அதுக்கு மேல மப்ளர், அதுக்கும் மேல அவங்க குடுத்த ஹெல்மெட். இதுக்குள்ள எங்கிட்டு ஒரு சத்தம் போகும். மொத நாளே நேகி சார் ஹெல்மெட்டுக்கு அடியில மெல்லிசா ஒரு துணி போதும்னு கையைக் கையை ஆட்டிக் காட்டுனாரு. நான் பெரிய இவளாட்டம் சரி சரின்னு தலையாட்டிட்டு மறுநாள் ரூம்லயே எல்லாத்தையும் மாட்டிக் கூட்டியாந்தேன். குல்லாயும் மப்ளரும் அவரு கண்ணுக்குத் தெரியும், பஞ்சு தெரியாது. பிள்ளைக்குக் கேக்குதுன்னு நம்பிக் கத்துறாரு பாவம். நமக்கென்ன தெரியும், விருதுநகர்க்காரிக்கு. வருசத்துல பத்து மாசம் வெயில், மிச்சம் ரெண்டு மாசம் கொஞ்சம் கம்மியான வெயில். குளிரு காது வழியாத்தான் ஏறும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், மார்கழியில டவுன் பஸ்ல வாரவங்க பாதிப் பேரு காதுல பஞ்சோடதான் உக்காந்திருப்பாங்க. இவளுக்கு அதுலயும் கூடுதலா ஒரு காரணம் இருக்கு. நாலு வயசுல குத்தாலத்துச் சாரல்ல நனைஞ்சு, வர்ற வழியெல்லாம் வேன் ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டே வந்து, வலது காதுல சீழ் பிடிச்சிருச்சு. பத்து நாளு தலையச் சாச்சுக்கிட்டே அழுதா. மதுரையில காது டாக்டரு உள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு ஜவ்வுல சின்ன ஓட்டைன்னாரு, தானா மூடிரும்னாரு. மூடிருச்சு. மூடி ஏழு வருசமாச்சு, எனக்குத்தான் நம்பிக்கை வரல. ஸ்கூல் வேன்ல ஏறுனாப் பஞ்சு, வண்டியில முன்னால உக்காந்தாப் பஞ்சு, ஏசி போட்ட ஜவுளிக்கடைக்குள்ள போனாப் பஞ்சு. பெட்டி கட்டும்போது மொதல்ல உள்ள போனது பஞ்சு ரோல்தான். ஏ செல்வி, நீ பெத்தது பிள்ளையா தலகாணியான்னு இவரு கேட்டாரு. முத்துச்செல்விங்குற என் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டு நக்கல் பண்ணலேன்னா அவருக்குச் சோறு இறங்காது. உங்களுக்கென்ன, சீழைத் தொடைச்சவ நானுல்லன்னு சொன்னேன். இப்பப் பாருங்க. உக்காருன்னு சொல்றது பிள்ளைக்குக் கேக்கல. என் கையாலயே அடைச்சுட்டேன். இந்தக் கையாலதான், இந்த விரலாலதான் உருட்டி உருட்டி வச்சேன், வலது காதுக்கு ஒரு உருட்டு அதிகமா.

போகணும், போய்ப் பிடிக்கணும். மண்டைக்குள்ள அது ஓடுது, காலு ரெண்டும் நீளப் பலகையில மாட்டிக் கெடக்கு. ஒரு எட்டு வச்சேன், ஒரு பலகை மேல இன்னொரு பலகை ஏறிருச்சு, குப்புற விழுந்தேன். வாய்க்குள்ள பனி. பல்லெல்லாம் கூசுது. மூணு நாள்ல நான் விழுந்தது இதுதான் மொத தடவ. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மொத நாளு நேகி சாரு பலகையவே மாட்ட விடல, எங்களை வரிசையா நிப்பாட்டி விழுங்கன்னாரு. மொதல்ல விழப் படிங்க, மத்ததெல்லாம் பிறகு. அவரே பக்கவாட்டுல பொத்துன்னு உக்காந்து காட்டுனாரு. நிக்க முடியலையா, உக்காரு. வேகம் கூடுதா, உக்காரு. பிரேக் வேற கிடையாது, இதுதான் பிரேக்குன்னு பின்பக்கத்தத் தட்டிக் காட்டுனாரு. எங்க வீட்டுக்காரரு டூவீலர் பட்டறை வச்சிருக்கவரு, தொண்ணூத்தாறு கிலோ, பட்டறையில ஒரு தடவ உக்காந்து எந்திரிச்சா மூச்சு வாங்கும். அந்த மனுசன் பொத்து பொத்துன்னு விழுந்து, பனிய அள்ளி மண்டையில போட்டுக்கிட்டுச் சிரிக்கிறாரு. சஷ்டிகா பத்துத் தடவ விழுந்தா, இன்னும் ரெண்டு விழுறேன்னு கேட்டு விழுந்தா. நான் விழல. மேடம், மேடம்னு சாரு கெஞ்சிப் பாத்தாரு. நாப்பத்திமூணு வயசுல, நாலு பேரு போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கிற எடத்துல, நான் எதுக்கு விழணும். பத்தாவது படிக்கும்போது மதுரை ரோட்டுல சைக்கிளோட விழுந்தேன், பாவாடை செயின்ல மாட்டிக்கிச்சு, பஸ்ஸுக்கு நின்ன கூட்டம் பூராம் பாத்துச்சு. ஒருத்தன் சிரிச்சான், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. அதோட சரி. அம்மா விழ மாட்டா சார், விட்ருங்கன்னு சஷ்டிகா சொன்னா. அப்பாவும் மகளும் கையத் தட்டிக்கிட்டுச் சிரிச்சாங்க. குச்சி ரெண்டையும் ஊனிக்கிட்டு கல்லு மாதிரி நின்னேன். இப்ப விழுந்து கெடக்குறேன். பாக்குறதுக்கு ஒருத்தரும் இல்ல, எல்லாரும் அவளைத்தான் பாக்குறாங்க.

தலையத் தூக்கிப் பாக்குறேன். இன்னும் நின்னுக்கிட்டுத்தான் போறா. பாவி மக, நல்லாவே நிக்கிறா. முட்டிய லேசா மடக்கி, சாரு சொல்லிக் குடுத்த மாதிரியே, கைய முன்னால கொண்டுவந்து, அம்புட்டு அழகா நிக்கிறா. வேற யாரும் பாத்தா இந்தப் பிள்ள நல்லாச் சறுக்குதேன்னு சொல்லுவாங்க. நேத்து வரைக்கும் கீழ சமதரையிலதான் இருந்தோம். தாயும் மகளும் தகப்பனும் நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறுறது, பத்தடி சறுக்குறது, திரும்ப ஏறுறது, அவ்வளவுதான். இன்னிக்குத்தான் சாரு கயிறு இழுக்குற மிஷினைப் பிடிச்சுக்கிட்டு மேல வாங்கன்னு கூட்டியாந்தாரு. மேல வந்ததும் பலகையச் சரிவுக்குக் குறுக்க வச்சு நில்லுங்கன்னு அம்புட்டுத் தடவ சொன்னாரு. குறுக்கதான் நின்னா. நான்தான் மூக்கத் தொடைக்கிறேன், இங்கிட்டுத் திரும்புடின்னு சொன்னேன். சொன்னேனா. சொன்னேன்னுதான் நினைக்கிறேன். ஐயோ, சொன்னேன். திரும்புனா, பலகையோட மூஞ்சி கீழ பாத்துருச்சு. காலையில இன்னும் வெயில் ஏறல, பனி இறுகிக் கெடக்கு, சலிச்ச மாவு மாதிரி மெத்துன்னு இல்ல, கழுவிவிட்ட மொசைக் தரை மாதிரிக் கெடக்கு. அவளுக்கு இந்த ஆசை போன வருசம் போன்ல எதையோ பாத்து வந்தது. எட்டு மாசமா நச்சரிச்சா. எனக்குத் தபாலாபீஸ்ல லீவோட டிக்கெட்டும் குடுத்து அனுப்புற சலுகை இந்த வருசத்தோட முடியுது, போகலேன்னா வீணாப்போகும். கன்னியாகுமரி, ஊட்டி, எங்க வேணா சொல்லுங்கடின்னேன். அப்பாவும் மகளும் பேசி வச்சுக்கிட்டு இமயமலையில ஜோஷிமட்டுக்கு மேலன்னாங்க. மேப்புல பாத்தேன், இந்தியா அங்கன முடியுது. அங்க போயி என்ன பண்ணப் போறோம்னு கேட்டதுக்கு, சறுக்கப் போறோம்மான்னா. சறுக்குறா. அந்தா சறுக்குறா.

கீழ மிஷினோட இரும்புத் தூணு இருக்கு. மெத்தையச் சுத்திக் கட்டியிருக்காங்க, ஏன் கட்டியிருக்காங்க, யாராச்சும் போயி முட்டுனதுனாலதானே கட்டியிருக்காங்க. அதுக்கு இடது பக்கம் டீக்கடை, பெஞ்சு, சனங்க, ஆரஞ்சு வலை. அங்கிட்டுப் போ தாயி, அங்கிட்டுப் போ, வலையில போயி விழு. வலது பக்கம் வலை கிடையாது. சரிவு அங்கன ஒரு மேடு தட்டி அந்தாண்டை இறங்குது, அந்த மேட்டுக்கு மேல மரத்தோட தலை மட்டும் தெரியுது, தலை தெரியுதுன்னா கீழ எம்புட்டு ஆழம்னு கணக்குப் போட்டுக்கங்க. முந்தாநாள் இவரு ஒண்ணுக்குப் போக அந்தப் பக்கம் ஒதுங்கப் போயி, நேகி சார் விசிலடிச்சுக் கூப்பிட்டுட்டாரு. தூணப் பாத்துப் போறா. தூணு, தூணு, தூணு. கண்ண மூடிக்கிறலாம்னு பாக்குறேன், மூட மாட்டேங்குது. தூணைத் தாண்டிட்டா. ஒரு முழந்தான் இருக்கும், தாண்டிட்டா. நிம்மதின்னு மூச்சு விட வாயெடுக்கும்போதே தெரியுது, தாண்டுனது வலது பக்கமா. நேகி சாரு குனிஞ்சு, குச்சியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, எய்த அம்பு மாதிரிப் போறாரு, கத்திக்கிட்டே போறாரு. நானும் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன், கெடந்த வாக்குலயே. பஞ்சுக்குள்ள எதுவும் போகாதுன்னு தெரியும், தெரிஞ்சும் வாய் நிக்க மாட்டேங்குது. மேட்டு மேல ஏறுனா. ஒரு நொடி வானத்துல நின்ன மாதிரித் தெரிஞ்சா, மஞ்சளா. அப்புறம் மேடு மட்டும் இருக்கு.

ஒரு சத்தமும் வரல. விழுந்தா ஒரு சத்தம் வரணும்ல. மரத்துல முட்டுனா மரமாச்சும் ஆடணும்ல. ஆடுதா, பாக்குறேன், எல்லா மரமும் ஒண்ணு போல நிக்குது. டீக்கடையில எவனோ இன்னும் டம்ளர்ல டீ ஆத்திக்கிட்டு இருக்கான். பலகையக் கழட்டணும், குதிகால்ல ஒரு விசை இருக்கு, குச்சியால அமுக்குனா கழலும்னு சொல்லிக் குடுத்தாரு, அமுக்குறேன், குச்சி வழுக்குது, கையால குத்துறேன். ஒண்ணு கழண்டுச்சு. ஜெர்க்கின் இரவல். எங்க ஆபீஸ் புஷ்பலதா மகளோடது, கிழிக்காமக் குடுத்துரு செல்வின்னு சொல்லித்தான் குடுத்தா. ச்சீ, நான் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கேன். பெத்தவளா நான். பிள்ள எங்கன்னு தெரியல, ஜெர்க்கின் கிழிஞ்சிருக்குமான்னு புத்தி போகுது. இன்னொண்ணும் கழண்டுச்சு. இருக்கங்குடி மாரியாத்தா, நான் உனக்கு என்ன செய்யணும்னு சொல்லு. முடி இறக்குறேன். அவ முடி இல்ல, என் முடி. அக்கினிச்சட்டி எடுக்குறேன். உன் கோயில் ஆத்தங்கரையில அங்கப்பிரதட்சணம் பண்ணுறேன், எல்லாரும் பாக்க உருளுறேன், சிரிக்கட்டும், எவன் வேணா சிரிச்சுக்கிறட்டும். இந்த பூட்ஸப் போட்டுக்கிட்டு ஓட முடியாது, இரும்பு வாளிக்குள்ள கால விட்ட மாதிரி இருக்கு, தக்கா புக்கான்னு இறங்குறேன். அவளுக்குக் கேக்காது. இப்ப நேகி சாரு அங்க போயி எங்க இருக்கன்னு கூப்பிட்டாலும் கேக்காது. மரத்துக்குப் பின்னால, பனிக்கு அடியில எங்கயாச்சும் கெடந்தா, கூப்பிடுறது கேக்காம பேசாமக் கெடப்பா. அவரும் ஆளு இல்லன்னு நினைச்சு வேற பக்கம் போயிருவாரு. இத அவருக்கு யாராச்சும் சொல்லணும். பஞ்சுக்கு இந்தியில என்ன. எனக்குத் தெரியாதே. பஞ்சுன்னு ஒரு வார்த்த, அதுக்கு இந்தியில என்னன்னு தெரியாம ஒருத்தி பிள்ளையக் கூட்டிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கா.

கல்யாணம் முடிஞ்ச கையோட வந்திருக்க ஒரு பொண்ணு, கை நிறையச் செகப்பு வளையல், ஸ்வெட்டருக்கு வெளிய வளையல், எதிர்ல நிக்கிறா. அவ தோளப் பிடிச்சு என் காதக் காட்டுறேன். காட்டன், காட்டன். என் மக காதுல காட்டன். கீழ கையக் காட்டுறேன், திரும்பக் காதக் காட்டுறேன். அவ என் மூஞ்சியவே பாக்குறா, என் தலையில பனி, மூக்குல பனி, அழுதுக்கிட்டு வேற இருக்கேன். ஐயோ பாவம்னு நினைச்சாளோ என்னமோ, தன் காதுல மாட்டியிருந்த கம்பளிக் காதுமூடியக் கழட்டி என் தலையில மாட்டி விட்டுட்டு, கன்னத்தத் தடவுறா. வேணாம்மா, இது இல்லன்னு சொல்றேன், அவளுக்கு என்ன புரியும். அதையும் மாட்டிக்கிட்டே இறங்குறேன். உலகமே அமுங்கிப் போச்சு. என் மூச்சு மட்டும் உள்ளுக்குள்ள கேக்குது. ஓ, இப்படித்தான் இருக்குமா அவளுக்கு. ஏழு வருசமா நான் உருட்டி உருட்டி வச்சனே, இப்படித்தான் இருந்திருக்குமா, வேன்ல, ஜவுளிக்கடையில, கோயில்ல. மத்த பிள்ளைங்க கூப்பிட்டா இப்படித்தான் தூரத்துல கேட்டிருக்குமா. பிச்சு எறியணும்னு தோணுது, கை வர மாட்டேங்குது.

இவரு எனக்கு முன்னால போயிட்டாரு. எப்படிப் போனாருன்னு தெரியல, உக்காந்த வாக்குலயே சறுக்கியிருக்கணும், பனியில அகலமா ஒரு தடம், அவரு உடம்பு அகலத்துக்கு. மேட்டு மேல நிக்கிறாரு. அந்தாண்டைப் பக்கம் கீழ பாத்துக்கிட்டு நிக்கிறாரு. இறங்கல. ஏன் இறங்கல. பிள்ள நல்லா இருந்தா இறங்கியிருப்பாருல்ல. குல்லாயக் கழட்டுறாரு. எதுக்கு இப்பக் குல்லாயக் கழட்டுறாரு. எங்க மாமனாரு தவறுனப்ப, ஆஸ்பத்திரி வராண்டாவுல, டாக்டரு வந்து சொன்னதும் இந்த மனுசன் தோள்ல கெடந்த துண்ட இப்படித்தான் எடுத்தாரு, எடுத்துக் கையில வச்சுக்கிட்டு என்ன செய்யுறதுன்னு தெரியாம நின்னாரு. ஏங்கன்னு கூப்பிடுறேன். திரும்புறாரு. கையத் தூக்குறாரு. வான்னு சொல்றாரா, வராதங்குறாரா. அந்தத் தடிச்ச கையுறைக்குள்ள விரலே தெரியல, கை மேலயும் கீழயும் ஆடுது. வராதன்னா என்ன அர்த்தம். நான் பாக்கக் கூடாதுன்னு அர்த்தம். பதினஞ்சு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், அந்தக் கைக்கு அர்த்தம் சொல்லத் தெரியல. காலு அந்த எடத்துலயே நட்டுக்கிச்சு. இப்படியே நின்னுட்டா எதுவும் நடக்காது, மேட்டுக்கு அந்தாண்ட இருக்கறது அந்தாண்டயே இருக்கும். இன்னொரு எட்டு வைக்காத வரைக்கும் அவ இருக்கா. அப்படி நின்னேன். எம்புட்டு நேரம்னு தெரியாது. ஏ செல்வி, வா பிள்ளன்னு அவரு கத்துறது அமுங்கிக் கேட்டுச்சு. காதுமூடிய அப்பத்தான் பிச்சு எடுத்தேன். வா, உக்காந்திருக்காங்குறாரு. உக்காந்திருக்கா.

உக்காந்திருக்கா. மேட்டுக்கு அந்தாண்டப் பள்ளத்துல, மொத மரத்துக்கு நாலடி இந்தாண்ட, பனியில இடுப்பு வரைக்கும் புதைஞ்சு, காலு ரெண்டையும் நீட்டி உக்காந்திருக்கா. ஒரு பலகை காலுல, இன்னொரு பலகை மரத்துல சாஞ்சு நிக்குது, யாரோ எடுத்து வச்ச மாதிரி. மூஞ்சி வெளுத்து, உதடு நீலம் பாரிச்சு, ஆனா கண்ணு முழிச்சிருக்கு, என்னைப் பாக்குது. நேகி சாரு முட்டி போட்டு அவ இடது கையத் தன் கை மேல வச்சிருக்காரு. அந்த மணிக்கட்டு இருக்க வேண்டிய வாக்குல இல்ல. கை வலிக்குதும்மாங்குறா. நான் கையப் பாக்கல, எனக்குக் கை முக்கியமாப் படல. மண்டியிட்டு ஹெல்மெட் பட்டியக் கழட்டுறேன், வேண்டாம் மேடம்னு சாரு தடுக்குறாரு, தள்ளி விடுறேன், மப்ளரப் பிரிக்கிறேன், குல்லாய மேல ஏத்துறேன். இதை மொதல்ல எடுக்கணும், எடுத்தாத்தான் எனக்கு மூச்சு வரும். வலது காத மடக்கிப் பாக்குறேன். ஒண்ணும் இல்ல. இடது காது. அதுலயும் இல்ல. வெறும் காது, செவந்து போயி, உள்ள வரைக்கும் தெரியுது.

"பஞ்சு எங்கடி?"

"எடுத்துட்டேன்."

"எப்ப எடுத்த? விழுகும்போது வந்துருச்சா?"

"இல்லம்மா. ரூம்லயே எடுத்துட்டேன். நீ கதவப் பூட்டுவேல்ல, அப்ப." அப்பாவ ஒரு பார்வை பாத்துட்டு, "தெனமும் எடுத்துருவேன். ஸ்கூலுக்குப் போறப்பவும். திட்டாத"ங்குறா.

இவரு அந்தாண்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு, அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெனமும். அப்ப நான் வச்சது எல்லாம் எங்க. வேன் படியில, ரோட்டோரத்துல, லாட்ஜ் குப்பைத் தொட்டியில. நான் வச்சுக்கிட்டே இருந்திருக்கேன், அவ எடுத்துக்கிட்டே இருந்திருக்கா. காது திறந்துதான் இருந்திருக்கு. சிரிப்பு வந்துரும்போல இருந்துச்சு, நெஞ்சுல இருந்து ஒரு அம்மிக்கல்லு இறங்குன மாதிரி. நான் அடைக்கல. என்னால இல்ல. மாரியாத்தா, என்னால இல்ல. அந்த ஒரு மூச்சு நிம்மதியா விட்டேன், அது பாதி வரும்போதே அடுத்த கேள்வி வந்துருச்சு. கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"அப்ப உனக்குச் சாரு கத்துனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"உக்காருன்னு சொன்னது?"

"ம். ரொம்ப நேரம் சொன்னாரு."

"அப்புறம் ஏன்டி உக்காரல?"

என்ன கேள்வி இதுங்குற மாதிரி என்னைப் பாக்குறா. வலியில பல்லக் கடிச்சுக்கிட்டு, பொறுமையாத்தான் சொல்றா. "உக்காரத்தான் போனேன். நீதானம்மா விழுந்துறாத விழுந்துறாதன்னு கத்திக்கிட்டே இருந்த. சரி, கீழ ஏதோ இருக்கு, விழக் கூடாது போலன்னு நின்னுக்கிட்டேன். விழவே இல்லம்மா. இந்தப் பள்ளம் வர்ற வரைக்கும் நான் விழல."

குத்திக் காட்டல. கோபமும் இல்ல. பரீட்சைக்கு என்ன எழுதுனன்னு கேட்டா சொல்லுவாளே, அப்படிச் சொல்றா. விழவே இல்லங்குறப்ப ஒரு சின்னப் பெருமைகூட இருந்துச்சு. அதுதானா. நான் கத்துனது அதுதானா. தொண்டை கிழிய, குப்புறக் கெடந்து, வாய்க்குள்ள பனியோட, அதையா கத்துனேன். இருக்கும். வேற என்ன கத்தியிருப்பேன், எனக்கு வேற என்ன தெரியும். அந்தாளு விழு, விழுந்தாப் பொழச்சுக்குவன்னு கத்தியிருக்காரு. நான் விழாதன்னு கத்தியிருக்கேன். ரெண்டும் அவ காதுல தெளிவா விழுந்திருக்கு. ஏழு வருசமா நான் வச்ச பஞ்சத் தூக்கி எறிஞ்சவ, ஸ்வெட்டரப் போடுன்னா போடாதவ, பாலக் குடின்னா செடிக்கு ஊத்துறவ, இதுல மட்டும் என் பேச்சக் கேட்டிருக்கா. மரத்துக்கு நாலடி. இந்தப் பனி மட்டும் இங்க மெத்துன்னு இல்லாமப் போயிருந்தா. பாத்து, பாத்து, மெதுவா, கைய அசைக்காத, பாத்துன்னு யாரோ சொல்லிக்கிட்டே இருக்காங்க, யாருடா அதுன்னு பாத்தா நான்தான்.

"அம்மா, சார் என்னமோ சொல்றாரு."

நிறுத்துனேன். நேகி சார் அவ மூஞ்சிக்கு நேரா தன் கைய நீட்டி, விரலு ஒவ்வொண்ணா மடக்கிக் காட்டுறாரு. சுண்டுவிரலு, மோதிர விரலு, நடுவிரலு. நரம்பு நல்லா இருக்கான்னு பாக்குறாரு. நீயும் இதே மாதிரி மடக்குங்குறாரு, இதுக்கு இந்தியே தேவையில்ல, எனக்கே விளங்குது. இவரு குல்லாயப் பிசைஞ்சுக்கிட்டு அவ விரலையே பாக்குறாரு. சஷ்டிகா சாரு கையப் பாத்தா, தன் கையப் பாத்தா. அப்புறம் தலையத் தூக்கி என்னைப் பாத்தா.

"மடக்கவாம்மா?"

என்னைக் கேக்காதடின்னேன். உதடுதான் அசைஞ்சுது, சத்தம் வரல. சாரு திரும்பவும் மடக்கிக் காட்டுறாரு. அவ அந்தப் பக்கம் பாக்கல. கைய அப்படியே வச்சுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கா.